மாலை நேர லோடும் சோலார் பேட்டரியும்: இன்னொரு பேட்டரி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இது: சென்னைப் புறநகரில் தனி வீடு. மாடியில் 5 கிலோவாட் பேனல், கீழே பேனல், பேட்டரி, ஈ.பி. (மின்வாரிய) லைன் மூன்றையும் கையாளும் 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர், 51.2 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி ஒன்று. பகலில் எந்தத் தொல்லையும் இல்லை. மாலை ஏழு மணிக்கு மேல் இரண்டு ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, அவற்றோடு தண்ணீர் மோட்டாரும் சேர்ந்துகொண்டால், பேட்டரியில் 70 சதவீதம் காட்டும்போதே இன்வெர்ட்டர் அலாரம் அடித்து நின்றுவிடுகிறது. பொருத்தியவர் இன்னொரு பேட்டரி போடச் சொல்கிறார். போடத்தான் வேண்டுமா? பேட்டரியிலிருந்து போவதை ஏதாவது செட்டிங்கில் கட்டுப்படுத்த முடியாதா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் பேட்டரியில் சரக்கு இருக்கிறது. அதை ஒரே நேரத்தில் எவ்வளவு வேகமாக உருவுகிறீர்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இரண்டாவது பேட்டரி போட்டால் இந்த அலாரம் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

51.2 வோல்ட்டை 100 ஏஎச்சால் பெருக்கினால் 5,120 வாட்-மணி, அதாவது ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல். இது கொள்ளளவு. விற்பவர்கள் இந்த எண்ணை மட்டும்தான் சொல்வார்கள். டேட்டா ஷீட்டில் இதற்குக் கீழே இன்னும் இரண்டு எண்கள் இருக்கும்: தொடர்ந்து எடுக்கலாம் என்று பரிந்துரைக்கும் ஆம்பியர், அதற்கு மேல் போகவே கூடாத ஆம்பியர். 100 ஏஎச் பேட்டரிகளில் பெரும்பாலும் முதலாவது 50 ஆகவும் இரண்டாவது 100 ஆகவும் இருக்கும். பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை (டிசி) வீட்டுக்கான மாறுமின்னோட்டமாக மாற்றும்போது இன்வெர்ட்டரில் சுமார் எட்டு சதவீதம் வெப்பமாகப் போகிறது. அதைக் கழித்தால், 50 ஆம்பியரில் உங்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டுக்கு வந்து சேருவது சுமார் 2,350 வாட். 100 ஆம்பியரில் சுமார் 4,700 வாட். இன்வெர்ட்டர் பெட்டியின்மேல் 5 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும், சூரியன் இறங்கிய பிறகு ஒற்றை பேட்டரியை நம்பி அந்த 5 கிலோவாட்டை முழுதாக எடுக்க முடியாது.

இப்போது ஏழு மணி லோடைக் கூட்டிப் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி, போட்ட முதல் சில நிமிடங்களில் 1,500 வாட் வரை இழுக்கும். இரண்டுக்கு 3,000. இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 1,800. ஃபிரிட்ஜ் ஓடினால் 150. விசிறி, விளக்கு, டிவி, வைஃபை எல்லாம் சேர்த்து 400 என்று வையுங்கள். மொத்தம் 5,350 வாட். பேட்டரியின் பக்கம் இது 113 ஆம்பியர். ஒரு குதிரைசக்தி மோட்டார் ஓடினால் இன்னும் 1,100 வாட் கூடி 137 ஆம்பியர் ஆகிறது; அது கிளம்பும் நொடியில் இழுப்பது தனிக் கணக்கு. 70 சதவீதம் இருந்தாலும் சரி, 100 சதவீதம் இருந்தாலும் சரி, இந்தக் கட்டத்தில் ஏதாவது ஒன்று துண்டித்தே தீரும்.

அரை மணி நேரம் கழித்து அதே வீட்டைப் பாருங்கள். அறைகள் குளிர்ந்துவிட்டன, ஏசிகள் கம்ப்ரசர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ‘இன்வெர்ட்டர் ஏசி’ வகையாக இருந்தால் ஒவ்வொன்றும் 600 வாட் அளவுக்கு இறங்கியிருக்கும். சமையல் முடிந்திருக்கும். மொத்தம் 1,750 வாட், பேட்டரியில் 37 ஆம்பியர். நல்ல பேட்டரிக்கு இது அலுப்பே தராத வேலை. ஆக, உங்கள் தொல்லை முழுவதும் ஏழிலிருந்து ஏழரைக்குள் அடங்கியிருக்கிறது. அரை மணி நேர நெரிசலுக்காக ஒரு பேட்டரியின் விலையைக் கொடுப்பதா, அந்த நெரிசலையே கலைப்பதா என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது.

அதற்கு முன், துண்டித்தது யார் என்று கண்டுபிடியுங்கள். மூன்று பேர் துண்டிக்கலாம். மூவருக்கும் மருந்து வேறு வேறு.

இன்வெர்ட்டரே தன் அளவு தாண்டியதால் நின்றால், திரையில் ஓவர்லோடு எச்சரிக்கை வரும். பேட்டரியின் மின்னழுத்தம் அப்படியே இருக்கும். நல்ல வெயிலில்கூட இது வரும். இதற்கு எத்தனை பேட்டரி போட்டாலும் பயன் இல்லை. பேட்டரிக்குள் இருந்து அதைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் பலகை துண்டித்தால், பேட்டரியின் முகப்பில் சிவப்பு விளக்கு எரியும். இன்வெர்ட்டர் திரையில் பேட்டரி என்ற ஒன்றே இல்லாததுபோல் காட்டும். மூன்றாவது, மின்னழுத்தம் குறைந்துவிட்டது என்று இன்வெர்ட்டர் நினைத்துக்கொள்வது. இதில் டக், டக் என்று ரிலே (பாதையை மாற்றும் ஸ்விட்ச்) மாறி மாறி விழும் சத்தம் கேட்கும்: லோடு ஏறும்போது ஈ.பி.க்குத் தாவும், லோடு விலகியதும் மின்னழுத்தம் எழும்பும், மறுபடி பேட்டரிக்கு வரும். அடுத்த முறை நிற்கும்போது ரீசெட் செய்வதற்கு முன் திரையையும் பேட்டரி முகப்பையும் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். திரையில் தெரியும் பிழை எண்ணை வைத்துக் கையேட்டில் தேடினால் பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது வகை ஏன் நிகழ்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில், நிரம்பிய நிலைக்கும் காலியான நிலைக்கும் நடுவே உள்ள நீண்ட பகுதியில் மின்னழுத்தம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. 16 செல் தொகுப்பில் 80 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் இடையே ஒரு வோல்ட் வித்தியாசம் இருந்தாலே அதிகம். ஆனால் 100 ஆம்பியர் இழுத்தால் அந்த நொடியில் இரண்டு, மூன்று வோல்ட் இறங்குவது சகஜம். மின்னழுத்தத்தை வைத்து இருப்பைக் கணிக்கும் இன்வெர்ட்டர், இந்த இறக்கத்தைப் பார்த்துப் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டுகிறது. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே தகவல் கேபிள் ஒன்று இருக்க வேண்டும். இன்டர்நெட் கேபிளைப் போலவே இருக்கும். பொருத்தும்போது பலர் அதை மாட்டாமல், பேட்டரி வகையை ‘யூசர்’ என்றோ, இன்னும் மோசமாக ‘லெட் ஆசிட்’ என்றோ வைத்துவிட்டுப் போகிறார்கள். கேபிளை மாட்டி, பேட்டரி வகையையும் அதற்கேற்ற லித்தியம் புரோட்டோகாலுக்கு மாற்றினால், இன்வெர்ட்டர் கணிப்பதை விட்டுவிட்டு பிஎம்எஸ் சொல்லும் சதவீதத்தையும் ஆம்பியர் வரம்பையும் கேட்டு நடக்கத் தொடங்கும்.

இனி நீங்கள் கேட்ட செட்டிங். இங்கேதான் பலருக்குக் குழப்பம். ‘ஹைபிரிட்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு இயந்திரங்கள் விற்கின்றன.

ஒரு வகை கலந்து தரும். வீட்டுக்கு 5,000 வாட் தேவை, பேட்டரிக்கு 50 ஆம்பியர் வரம்பு என்று வைத்திருந்தால், 2,350 வாட்டைப் பேட்டரியிலிருந்தும் மிச்சத்தை ஈ.பி.யிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுத்துக் கொடுக்கும். விளக்கு சிமிட்டக்கூடச் செய்யாது. உங்களிடம் இந்த வகை இருந்தால், அதிகபட்ச டிஸ்சார்ஜ் ஆம்பியரை 50 அல்லது 60 என்று வைத்துவிடுங்கள், ஈ.பி. இருக்கும் நேரத்தில் உங்கள் பிரச்சினை அன்றே தீர்ந்தது. இந்த வகையில் மெயின் லைனைச் சுற்றி சிடி என்ற வளையம் ஒன்று மாட்டியிருப்பார்கள். அதன்மேல் உள்ள அம்புக்குறி தலைகீழாக இருந்தால், வீடு எவ்வளவு இழுக்கிறது என்பதை இன்வெர்ட்டர் தப்பாகப் படித்து, பேட்டரியைத் தேவையில்லாமல் ஈ.பி. லைனுக்குள் கொட்டும். இரவில் லோடே இல்லாதபோது பேட்டரி வேகமாகக் காலியானால் முதலில் இந்த அம்பைப் பாருங்கள்.

மற்ற வகை மாற்றிவிடும். ஒன்று, முழு வீடும் சோலாரிலும் பேட்டரியிலும் ஓடும். அல்லது முழு வீடும் ஈ.பி.க்குப் போகும். இரண்டையும் கலக்காது. விலை குறைவு என்பதால் நம் ஊரில் பரவலாக இருப்பது இதுதான். இதில் டிஸ்சார்ஜ் ஆம்பியரைக் குறைத்து வைத்தால் லோடு குறையாது. அந்த எல்லையைத் தொட்டதும் ஈ.பி.க்குத் தாவும், ஈ.பி. இல்லாவிட்டால் நின்றுவிடும். ஆகவே இந்த இயந்திரத்தில் நீங்கள் தீர்மானிக்க வேண்டியது முன்னுரிமை வரிசையை. ‘சோலார், பேட்டரி, ஈ.பி.’ என்ற வரிசையில் வைத்திருந்தால், சூரியன் போனதும் மொத்தச் சுமையும் பேட்டரியின் தலையில். ‘சோலார், ஈ.பி., பேட்டரி’ என்று மாற்றினால் மாலையில் ஈ.பி. சுமக்கும்; மின்தடையின்போது மட்டும் பேட்டரி இறங்கும். சில மாடல்களில் இந்த வரிசையை நேரம் வைத்து மாற்றலாம். ஆறரையிலிருந்து எட்டரை வரை ஈ.பி., அதன்பிறகு பேட்டரி என்று வைப்பது உங்கள் வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கும். ஓவர்லோடு ஆனால் பைபாஸுக்குப் போக அனுமதிக்கும் செட்டிங் ஒன்றும் இருக்கும்; அதை இயக்கி வையுங்கள். நெரிசல் வந்தால் வீடு இருளாமல் ஈ.பி.க்கு மாறும்.

நெட் மீட்டர் (ஈ.பி.யிலிருந்து எடுத்ததில் அதற்குக் கொடுத்ததைக் கழித்துக் கணக்கிடும் மீட்டர்) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பேட்டரிக்குள் 100 யூனிட்டைச் செலுத்தினால் வெளியே வருவது சுமார் 85. பகலில் மிஞ்சுவதை ஈ.பி.க்குக் கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியுமானால், ஈ.பி. இருக்கும் இரவில் ஏசியைப் பேட்டரியில் ஓட்டுவதால் பில்லில் லாபம் இல்லை. பேட்டரியின் ஆயுள்தான் கரையும். நெட் மீட்டர் இல்லாத வீட்டில் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளுக்கான கட்டணமும் சேர்ந்து ஏறும். அந்தக் கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்குப் பேட்டரியில் தினம் மூன்று யூனிட் ஓட்டுவது உண்மையிலேயே பணம்.

இப்போது நெரிசலைக் கலைப்பதற்கு வருவோம். செட்டிங்கைவிட இதில்தான் பலன் அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

மின்தடை நேரத்தில் உங்கள் வீட்டில் முதல் எதிரி தண்ணீர் மோட்டார். ஓடும்போது 1,100 வாட் என்பது சாதாரணமாகத் தெரியும். ஆனால் இண்டக்‌ஷன் மோட்டார் எதுவும் கிளம்பும் கணத்தில் ஓடும் மின்னோட்டத்தைப் போல் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். ஒன்றரை குதிரைசக்தி போர்வெல் மோட்டார் என்றால், 8 ஆம்பியரில் ஓடுவது கிளம்பும்போது 40 ஆம்பியரைத் தொடும். அது 9 கேவிஏவுக்கு மேல். 5 கிலோவாட் இன்வெர்ட்டர்கள் பல, சில நொடிகளுக்கு இருமடங்கு தாங்கும் என்கின்றன. அதாவது வேறெதுவும் ஓடாதபோது தாங்கும். ஏற்கனவே 3,000 வாட் ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் கிளம்பினால், அந்த ஒரு நொடியில் எல்லாம் போய்விடும். இதில் தானியங்கி வாட்டர் லெவல் கன்ட்ரோலர் பொருத்தியிருந்தால் இன்னும் ஆபத்து. மாலை குளியலும் பாத்திரம் கழுவுவதும் முடிந்து தொட்டி குறையும் நேரம்தான் ஏழரை மணி. யாரும் தொடாமலே மோட்டார் கிளம்பும். வீட்டில் இருப்பவர்களுக்குக் காரணமே புரியாது. கன்ட்ரோலருக்கு முன்னால் ஒரு டைமர் வைத்து, காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை மட்டும் மோட்டாருக்கு மின்சாரம் கிடைக்கும்படி செய்யுங்கள். மோட்டார் இன்வெர்ட்டர் லைனில் இருந்தாலும் அந்த நேரத்தில் பேனலே அதைச் சுமந்துவிடும். தொட்டி சிறியதாக இருந்து ஒரு நாளுக்குப் போதாவிட்டால், பேட்டரி வாங்கும் பணத்தில் சிறு பகுதிக்குப் பெரிய தொட்டி வாங்கலாம்.

மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் போர்வெல் மோட்டாருக்கு அது எளிதில் ஒத்துவராது. சிங்கிள் பேஸ் வாங்கி மூன்று பேஸ் கொடுத்து, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி டிரைவும் மூன்று பேஸ் மோட்டாரும் சேர்த்துப் போட்டால் மெதுவாகக் கிளம்பும். மோட்டாரை மாற்ற வேண்டிய காலம் வரும்போது இதை யோசியுங்கள். அதுவரை மோட்டாரை நேரடி ஈ.பி. லைனில் வைப்பதே நல்லது.

அடுத்தது ஏசி. இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்றைப் போட்டு இருபது நிமிடம் கழித்து மற்றதைப் போட்டால் உச்சம் கணிசமாகக் குறையும். அதைவிடச் சிறந்தது, வெயில் இன்னும் இருக்கும் நாலரை மணிக்கே படுக்கையறை ஏசியை 24-இல் ஓட விட்டு, கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஆறு மணிக்கு 27-க்கு ஏற்றுவது. சுவரும் மெத்தையும் பேனல் மின்சாரத்தில் குளிர்ந்துவிடும். இரவுக்கு அறையைப் பிடித்து வைத்திருக்கும் வேலைதான் மிச்சம். அண்மையில் வாங்கிய ஏசியாக இருந்தால் ரிமோட்டில் 40, 60, 80 சதவீதம் என்று திறனைக் குறைக்கும் பொத்தான் இருக்கலாம். விளம்பரத்தில் ‘கன்வெர்ட்டிபிள்’ என்பார்கள். அது கம்ப்ரசரின் உச்ச இழுப்புக்கே கடிவாளம் போடுகிறது. பேட்டரியில் ஓடும் நேரத்தில் 60-இல் வைத்தால், குளிர கொஞ்சம் நேரம் ஆகும். ஆனால் 1,500 வாட் என்ற முகட்டைத் தொடவே தொடாது. பழைய நிலைவேக ஏசியாக இருந்தால் இந்த வசதி எதுவும் இல்லை. ஒவ்வொரு முறை கம்ப்ரசர் கிளம்பும்போதும் மோட்டாரைப் போலவே உதைக்கும். அப்படிப்பட்ட ஏசியைப் பேட்டரி லைனில் வைக்க வேண்டாம்.

ஏசியில் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. மின்சாரம் போய் வந்ததும் தானாகவே மறுபடி ஓடும் ‘ஆட்டோ ரீஸ்டார்ட்’. கம்ப்ரசரைப் பாதுகாக்க, ஏசி சுமார் மூன்று நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் அதைக் கிளப்பும். இரண்டு ஏசிக்கும் ஒரே மூன்று நிமிடம். இன்வெர்ட்டர் நின்று, நீங்கள் ரீசெட் செய்து, விளக்கெல்லாம் எரிந்து, அப்பாடா என்று உட்காரும் நேரத்தில் இரண்டு கம்ப்ரசர்களும் ஒன்றாகக் கிளம்பி மறுபடியும் இருட்டாக்கும். உங்களுக்கு இரண்டாவது முறை நின்றது என்றால், பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். ஏதாவது ஒரு ஏசியில் ஆட்டோ ரீஸ்டார்ட்டை அணைத்துவிடுங்கள்.

கீசரும் இண்டக்‌ஷனும் வேறு ரகம். கிளம்பும் உதை இல்லை. ஆனால் வெப்பம் உண்டாக்கும் எதுவும் பேட்டரிக்குப் பாரம். 15 லிட்டர் கீசரில் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் தேவை. மொத்தம் குறைவுதான். ஆனால் அதை 2,000 வாட் காயில் கால் மணி நேரத்தில் இழுக்கிறது. பேட்டரிக்கு அது 42 ஆம்பியர், அதுவும் இருப்பு அடிமட்டத்தில் இருக்கும் காலை ஆறு மணிக்கு. கீசரை ஈ.பி. லைனுக்கு மாற்றிவிடுங்கள், இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பில் வேகத்தைக் குறைத்தால் இழுப்பு குறையும் என்று நம்பிவிடாதீர்கள். பல மாடல்கள் குறைந்த வேகத்தில் அதிக வாட்டை எடுத்து நிறுத்தி, மறுபடி எடுத்து நிறுத்தி, சராசரியாகத்தான் குறைக்கின்றன. பேட்டரியைப் பொறுத்தவரை ஒவ்வொரு துடிப்பும் பெரிய இழுப்புதான். இரவுச் சமையலுக்குக் கேஸ் அடுப்பும், மதியத்துக்கு இண்டக்‌ஷனும் என்று பிரித்துக்கொண்டால் போதும். மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி எல்லாம் பகல் வேலை என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குத் தனி விளக்கம் வேண்டியதில்லை.

பகல் என்றதும் பேட்டரிக்கு ஓய்வு என்று எண்ண வேண்டாம். பேனல் 3,000 வாட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கருமேகம் ஒன்று கடந்தால், சில நொடிகளில் அது 500 ஆக இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும் லோடு இறங்காது. அந்த 2,500 வாட் பள்ளத்தை உடனே நிரப்புவது பேட்டரிதான். ஆகவே பகலிலும், பேனல் தருகிறதே என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவது சரியல்ல.

இவ்வளவையும் வீட்டில் எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டு நடப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. ஒயரிங்கிலேயே பிரித்துவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு. இன்வெர்ட்டரின் பேக்கப் அவுட்புட்டுக்குத் தனி டிபி பெட்டி (பிரேக்கர்கள் உள்ள விநியோகப் பெட்டி): விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ், வைஃபை, டிவி, ஒரு ஏசி. மற்ற ஏசி, கீசர், மோட்டார், சமையலறையின் 16 ஆம்பியர் பிளக் எல்லாம் நேரடி ஈ.பி.யில். மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீடு என்றால் இன்னும் வசதி. சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் ஒரு பேஸைத்தான் தாங்குகிறது, கனமான லோடுகளை மற்ற இரண்டு பேஸ்களுக்குத் தள்ளிவிடலாம். இதைச் செய்யும் எலெக்ட்ரீஷியனிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: பேக்கப் லைனின் நியூட்ரலும் ஈ.பி. லைனின் நியூட்ரலும் சுவருக்குள் எங்கும் ஒன்றாகச் சேரக் கூடாது. பழைய வீடுகளில் பல அறைகளுக்கு ஒரே நியூட்ரல் ஓடும். பேஸை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலை அப்படியே விட்டால், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழும். இன்வெர்ட்டரே பழுதாகவும் கூடும்.

கேபிளையும் அதன் முனையில் பொருத்தும் லக்கையும் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது, ஏனென்றால் அதிக மின்னோட்டத்தில் முதலில் தோற்பது அவைதான். 230 வோல்ட்டில் 20 ஆம்பியராக ஓடும் அதே லோடு, 51 வோல்ட்டில் 100 ஆம்பியராகப் பாய்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் கேபிளில் வெப்பம் நான்கு மடங்கு. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே இரண்டு மீட்டர் தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டிருந்தால், போகவர நான்கு மீட்டரில் 100 ஆம்பியருக்கு 0.43 வோல்ட் இழப்பு, 43 வாட் வெப்பம். 35 சதுர மில்லிமீட்டர் போட்டால் இரண்டுமே பாதிக்கும் கீழே. கேபிளைவிட மோசம் லக். ஹைட்ராலிக் கருவியில் அழுத்தாமல் சுத்தியலால் தட்டியோ, குறட்டால் நசுக்கியோ விட்ட லக்கில், இழைகளில் பாதிதான் பிடித்திருக்கும். முழு லோடில் பத்து நிமிடம் ஓடிய பிறகு லக்கை மூடிய ஸ்லீவைப் பாருங்கள்: கருப்பு ஸ்லீவ் பளபளப்பு போய்ச் சுருங்கி, ஓரம் பழுப்பேறியிருந்தால் உள்ளே சூடு பிடித்துக்கொண்டிருக்கிறது. அளந்து பார்க்க மல்டிமீட்டர் போதும். லோடு ஓடும்போது பேட்டரி முனையில் ஒரு முறையும் இன்வெர்ட்டர் முனையில் ஒரு முறையும் மின்னழுத்தம் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேபிள், லக், பிரேக்கர் மூன்றில் ஒன்று சரியில்லை. பிரேக்கர் டிசிக்கு உரியதுதானா என்றும் பாருங்கள். வீட்டு மாறுமின்னோட்டத்துக்கான சாதாரண எம்சிபி பிரேக்கரை டிசி லைனில் மாட்டியிருந்தால், துண்டிக்கும்போது உள்ளே எழும் தீப்பொறி அணையாமல் நிற்கும். இதில் தள்ளிப்போடுவதற்கு எதுவும் இல்லை. அன்றே மாற்ற வேண்டும்.

இன்வெர்ட்டரை மூடிய அலமாரிக்குள்ளோ, மொட்டை மாடிப் படிக்கட்டு அறையிலோ வைத்திருந்தால், மே மாதத்தில் அது தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். சுற்றிலும் காற்றோட இடம் விடுங்கள். பேட்டரிக்கும் வெப்பம் ஆகாது.

இருப்பின் அடிமட்டம், அதாவது பேட்டரியிலிருந்து எடுப்பதை இன்வெர்ட்டர் நிறுத்தும் சதவீதம், எவ்வளவு வைப்பது? சாதாரண நாட்களில் 20 முதல் 30 சதவீதம் போதும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை 50-க்கு மேல் ஏற்றிவிடுங்கள். 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம் என்று சென்னை பார்த்த புயல்களில் பல பகுதிகளுக்கு நாட்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அந்த வானத்தில் பேனலும் வழக்கத்தில் கால் பங்கு கொடுத்தால் பெரிது. இன்னொரு காரணமும் உண்டு. பேட்டரியை பிஎம்எஸ் துண்டிக்கும் அளவுக்குக் காலி செய்துவிட்டால், சில இன்வெர்ட்டர்கள் பேட்டரியே இல்லாதபோது பேனலை மட்டும் வைத்துக் கிளம்புவதில்லை. காலையில் வெயில் அடிக்கும், ஈ.பி. இருக்காது, வீடு இருட்டாகவே கிடக்கும். அடிமட்டத்தை உயர்த்தி வைப்பது அந்த நிலையைத் தவிர்க்கத்தான்.

லித்தியத்துக்குப் பதில் நான்கு 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன ஆம்பியர் கணக்கைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. லெட் ஆசிட் பேட்டரியில் வேகமாக எடுத்தால் கொள்ளளவே சுருங்கும். 150 ஏஎச் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. 25, 30 ஆம்பியரைத் தாண்டாமல், சுமார் 1,200 வாட்டுக்குள் வைத்துக்கொள்வதே அதற்கு நல்லது. அதில் ஏசி ஓட்ட ஆசைப்பட வேண்டாம்.

சரி, இரண்டாவது பேட்டரி எப்போது வேண்டும்? நெரிசலைக் கலைத்த பிறகும் இருப்பு போதாவிட்டால். இரண்டு ஏசியும் சராசரி 500 வாட்டில் எட்டு மணி நேரம் ஓடினால் 8 யூனிட். உங்கள் பேட்டரி 70 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை கொடுப்பது சுமார் 2.3 யூனிட். ஈ.பி. இல்லாமல் இரவு முழுக்க இரண்டு ஏசி என்பதுதான் உங்கள் விருப்பம் என்றால், நான்கு மணி நேர மின்தடைக்கே இரண்டாவது தேவைப்படும். முழு இரவுக்கு இரண்டும் போதாது. அப்படி வாங்குவதானால் அதே நிறுவனத்தின் அதே மாடலை வாங்குங்கள். இணையாக இணைப்பதற்கு முன் இரண்டையும் முழுதாகச் சார்ஜ் செய்து மின்னழுத்தத்தைச் சமமாக்க வேண்டும். இல்லாவிட்டால் இணைத்த கணமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும் மின்னோட்டம் பாயும். இரண்டுக்கும் கேபிள் நீளம் ஒன்றாக இருக்கட்டும். இன்வெர்ட்டருக்குப் போகும் பாசிட்டிவை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவை இரண்டாவதிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் சுமை இருவருக்கும் சமமாகப் பிரியும். முன்பு 100 ஆம்பியர் சுமந்த பேட்டரி இனி 50 சுமக்கும். அதற்குள் உண்டாகும் வெப்பம் கால் பங்காகும். ஆனால் இன்வெர்ட்டரின் 5 கிலோவாட் எல்லை அப்படியேதான் இருக்கும். நின்றது ஓவர்லோடினால் என்று உங்கள் கைபேசிப் படம் சொன்னால், புதுப் பேட்டரி வந்த அன்று மாலையும் ஏழு மணிக்கு அதே அலாரம் அடிக்கும். பொருத்தியவரை அழைப்பதற்கு முன் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வரம்பு உடைந்தது என்று அவரிடமே கேளுங்கள்.